திறன்மிகு மாணவர் தேர்வு: ஆட்டிசப் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அசெஸ்மென்ட் செய்கிறேன். பெற்றோரும் சரி, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களும் சரி, அதே பழைய இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நன்றாகத் தூங்க வையுங்கள், சாப்பிட வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

மொத்த ஐக்யூவை மட்டும் பார்ப்பது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் டெஸ்டான விஸ்க்கின் ஐந்தாம் பதிப்பில் மொத்த ஐக்யூ 7 பகுதிகளிலிருந்து வருகிறது. அதில் ஒன்று கோடிங்: எண்ணுக்குரிய குறியைப் பார்த்துக் கட்டங்களில் பென்சிலால் போட வேண்டும், 2 நிமிடத்துக்குள்.

வேறிடத்தில் எடுத்த அறிக்கையோடு ஓர் அம்மா வந்தார். பையன் கட்டை அடுக்குவதில், படப் புதிர்களில் உச்சம். கோடிங்கில் தரைமட்டம். என்னப்பா ஆச்சு என்றேன். “கோடு கட்டத்தத் தொட்டுடுச்சு. ரப்பர் தர மாட்டேன்னுட்டாங்க” என்றான். ரப்பர் தரக்கூடாது என்பது விதிதான். இவனோ அந்த ஒரு குறியையே திரும்பத் திரும்பத் தீட்டியிருக்கிறான். மொத்தம் 130-க்குக் கீழே இறங்கிவிட்டது. திறன்மிகு பிள்ளைகளைச் சேர்க்கும் பல திட்டங்கள் கேட்பது அந்த 130-ஐத்தான். அறிக்கையின் முடிவில் அந்த ஒரே எண். இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

பிரிவுகளுக்கிடையே இவ்வளவு பள்ளம் இருந்தால் மொத்த எண்ணை நம்பாதீர்கள். ஜி.ஏ.ஐ. எனும் பொதுத் திறன் குறியீட்டைக் கேளுங்கள். கோடிங்கும், எண்களை நினைவில் வைத்துச் சொல்வதும் அதில் சேராது. மீதி ஐந்துதான் கணக்கு. கையிலுள்ள மதிப்பெண்களிலிருந்தே போட்டுவிடலாம், மறுபடி டெஸ்ட் வேண்டாம். திறன்மிகு குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய சங்கம் 2018-லேயே இதை ஏற்கச் சொல்லிவிட்டது. இங்கே அந்த வரியே இல்லாமல் அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

மலை இறங்கிய கையோடு டெஸ்ட்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வழியில் வாந்தியும் எடுத்து, அஸ்தம்பட்டி ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வரும் பிள்ளையை நேரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். முடிந்தால் அன்றைக்கே டெஸ்ட் அறையைக் காட்டிவிடுங்கள்.

பேச்சு குறைவென்றால் திறமையும் குறைவு

இல்லை. ரேவன்ஸ் என்பது படப் புதிர்களில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட், அதில் பேச வேண்டியதே இல்லை. அதையும் எடுக்கச் சொல்லுங்கள். 2007-ல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசப் பிள்ளைகள் வெக்ஸ்லர் டெஸ்டைவிட ரேவன்ஸில் சராசரியாக 30 பெர்சென்டைல் (நூறு பேரில் எத்தனை பேரை முந்துகிறார்கள் என்ற கணக்கு) மேலே இருந்தார்கள்.

கேள்விகளை முன்கூட்டியே பழக்குவது

கூடாது.

உடனே மறு டெஸ்ட்

ஒரு வருடமாவது போகட்டும். அவசரமென்றால் வேறு டெஸ்ட் எடுங்கள். அப்புறம், பழைய டெஸ்டின் பிரிவுவாரி மதிப்பெண் தாளை வாங்கி வையுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள்.