பழைய பைண்டிங் வாங்கப் போகிறீர்களா?

சென்னையில் பழைய புத்தகம் தேடக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதுதான், பட்டியலோடு போனால் அதில் இல்லாத எதுவும் கண்ணில் படாது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அங்கிருந்த கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. எனக்குத் தோதான இடம் திருவல்லிக்கேணி பாரதி சாலை, பெரியவர்களுக்கு அது இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடு. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடந்தால் முதலில் வெளியே நடைபாதைக் கடைகளைப் பார்த்துவிடுங்கள், உள்ளே போய்த் திரும்பும்போது பையில் காசு இருக்காது.

என் கணக்கில் தேட வேண்டியது தொடர்கதை பைண்டிங். வாரப் பத்திரிகையில் வந்த தொடரை வாராவாரம் பிரித்தெடுத்து, யார் வீட்டுப் பாட்டியோ பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வைத்தது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது மணியம் படம் வரைந்தார். கதை இப்போது எங்கும் கிடைக்கும், கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் ஆளாளுக்கு அச்சிடுகிறார்கள். பைண்டிங்குக்குக் காசு கொடுப்பது அந்தப் படங்களுக்காகவும், அத்தியாயத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்ட விளம்பரங்களுக்காகவும்தான். அந்தக் காலத்து ஊர் எதை வாங்கியது, எதற்கு ஆசைப்பட்டது என்று பார்க்க எனக்கு அவை போதும்.

விலை கேட்கும் முன் கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை அட்டையின் அழகில் மயங்கி வாங்கி வந்து, கடைசி இரண்டு வாரம் இல்லாத கதையை மூன்று ராத்திரி படித்தேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. நடுவிலும் அத்தியாய எண்களைப் புரட்டிச் சரிபாருங்கள். ஓரத்தை ரொம்ப வெட்டித் தைத்திருந்தால் வரிகளே போயிருக்கும். பூச்சி ஓட்டை நாலைந்து பக்கத்தோடு நின்றால் சரி, முதுகு வரை போயிருந்தால் வைத்துவிடுங்கள். அப்புறம், முகத்தில் ஆசையைக் காட்டாதீர்கள். வேறு இரண்டு புத்தகங்களோடு சேர்த்து வைத்து, "மூணும் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் படியும். நூலக முத்திரை இருந்து, நூலகமே அதைக் கழித்துவிட்டதாகக் குறிப்பு இல்லையென்றால் நான் தொடுவதில்லை.

விலை படியவில்லையா, விடுங்கள். படித்தால் போதும் என்றால் எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, பழைய இதழ்களையே பார்க்க வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் செருகாதீர்கள், இருக்கிற புத்தகங்களுக்கும் பூச்சி பரவும். இரண்டு நாள் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மெல்லிய பிரஷால் தூசி தட்டுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகி எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும்.

முதல் பக்கத்தில் பழைய சொந்தக்காரர் பேர் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். என்னிடம் உள்ள ஒரு பைண்டிங்கில் பல்லவன் பஸ் (சென்னை மாநகரப் பேருந்தின் பழைய பேர்) டிக்கெட் ஒன்று இருந்தது, இருந்த பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.