தொட்டுப் பார்க்க முடியாத கடையை நம்பவைப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் சேலையை விரித்து, தடவி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். இணையத்தளத்தில் அந்த வேலையைப் படமும் எழுத்தும் செய்ய வேண்டும். அதனால் முகப்பை அலங்கரிக்கும் முன் பொருள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

ஒரு சேலைக்கு ஐந்து படமாவது போடுங்கள்: முழு விரிப்பு, முந்தானை, கரை, பிளவுஸ் துணி, நெசவு தெரியும் கிட்டப் படம். யன்னலோரம், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் வெள்ளை கிறீம் ஆகிவிடும். நிறம் வேறு என்று சேலை திரும்பி வரும். ஒவ்வொரு படத்தையும் 150 கிலோபைட்டுக்குள் சுருக்குங்கள். பக்கத்தின் பெரிய படம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படத்தின் நீள அகலத்தைப் பக்கத்தின் நிரலில் (code) குறிக்காவிட்டால், படம் வந்து விழும்போது பக்கம் கீழே துள்ளும். விரல் வேறு பட்டனில் படும்.

டெலிவரிக் கட்டணத்தைக் கடைசிப் பக்கம்வரை மறைக்காதீர்கள். ஆள் பாதியில் விட்டுப் போவது அங்கேதான். கொழும்புக்கு எவ்வளவு, யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு, எத்தனை நாளில் வரும் என்பதை விலைக்குக் கீழேயே எழுதுங்கள். கூரியருக்கு எடைப்படி காசு கொடுப்பதென்றால், பொதியின் எடையையும் சேர்த்துப் போடுங்கள்.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம் வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய விவரத்தை அப்படியே ஒட்டினால், வாங்குபவரின் போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எல்லாப் போன்களிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். 'கூடையில் சேர்க்க' என்பது நீளமான சொல். பட்டனின் அகலத்தை இறுக்கினால் பாதி வெட்டுப்படும். கொம்பும் சுழியும் இடிபடாமல் இருக்க வரி இடைவெளியை எழுத்தின் அளவைப் போல் 1.6 மடங்கு வையுங்கள். படிவ எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தட்டத் தொடங்கியதும் ஐபோன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும்.

படிவத்தில் பெயர், தொலைபேசி, முகவரி போதும். அடையாள அட்டை இலக்கம் கேட்டால் நியாயமாகவே சந்தேகம் வரும். கார்ட் இலக்கத்தை உங்கள் படிவத்தில் வாங்கவே வாங்காதீர்கள். கார்ட் காசை வாங்கித் தரும் சேவையான கட்டண நுழைவாயிலின் (payment gateway) பக்கத்துக்கு அனுப்புங்கள். பொருள் கிடைத்ததும் காசு கொடுக்கும் வழியும் இருக்கட்டும். கடையின் வீதி, இலக்கம், வட்ஸ்அப் எண் மூன்றும் எல்லாப் பக்கங்களின் அடியிலும் வேண்டும். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், கூரியர் காசு யாருடையது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள்.

ஓடர் பட்டனை ஒருமுறை அழுத்தியதும் அதை முடக்கி, ஓடர் இலக்கத்தை உடனே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். திரை அசையாமல் நின்றால் மறுபடி அழுத்துவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பொதி போய்ச் சேரும்.