ஜாம் ஆன பழைய டிராக்டர் இன்ஜின்: பணத்தை இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாசி ஃபெர்குசன் 1035-ஓ மஹிந்திரா 575-ஓ, இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது, அதாவது உள்ளே பிடித்துக்கொண்டு சுற்ற மறுக்கிறது என்று தெரிந்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் இரண்டு யோசனை வந்துவிடும். ஒன்று, வேறொரு டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்துப் பார். இன்னொன்று, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு செகண்ட்ஸில் ஒரு இன்ஜின் வாங்கி மாட்டு. இரண்டும் பல நேரம் காசைக் கரைக்கிற வழிதான். எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்தது என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் செலவு செய்தால், புதிதாகப் போட்ட லைனரும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் குழாய்) பிஸ்டனும் அடுத்த போகத்திலேயே அதே மாதிரி பிடித்துக்கொள்ளும்.

முதலில், உண்மையிலேயே இன்ஜின்தான் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமலேயே முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. செல்ஃப் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை, உடனே ஜாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பேட்டரி டெர்மினல் பூத்துப் போயிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். செல்ஃப் மோட்டாரின் பினியன் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டால் இன்ஜினைக் கையாலும் சுற்ற முடியாது. அந்த மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்தவுடன் ஃபேன் புல்லி சாதாரணமாகச் சுற்றும், வேலை அங்கேயே முடிந்தது. வாட்டர் பாடியோ (வாட்டர் பம்ப்) டைனமோவோ பேரிங் உடைந்து இறுகியிருக்கலாம், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றுகிற பிடிஓ விலகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதெல்லாம் காசில்லாத சோதனைகள்.

அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாசில்களைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருப்பது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடை வளைக்கிற வேலை. ஐப்பசி கார்த்திகை மழையில் டிராக்டர் வெட்டவெளியில் நிற்கும், மேல்நோக்கி நிற்கிற சைலன்ஸரில் மூடி இருக்காது, இறங்கின தண்ணீர் வால்வு திறந்திருக்கிற சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் ரேடியேட்டர் தண்ணீர் அதே இடத்துக்குத்தான் வரும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாமல் நிற்கும், ராட் வளையும். நாசிலைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்து வெளியே வந்துவிடும். (முகத்தை அங்கே வைக்காதீர்கள்.) சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சட்டி) நட்டையும் மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள், ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டினால் கதை பாதி தெரிந்துவிட்டது.

இதற்குப் பிறகும் சுற்றவில்லை என்றால், ஓடும்போது சூட்டில் பிடித்ததா, நின்ற இடத்தில் துருவில் பிடித்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைக் கலந்துகொள்வதால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

சூட்டில் பிடித்தது என்றால் ரோட்டவேட்டர் ஓட்டும்போதோ, சேற்றில் கேஜ் வீலோடு உழும்போதோ, கதிரடிக்கும்போதோ வேகம் தானாகக் குறைந்து, புகை தள்ளி, நின்றிருக்கும். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீரை ஊற்றுவதைப் போல ஒரு நாசம் வேறில்லை. கை வெந்துபோவது ஒரு பக்கம், ஹெட்டும் பிளாக்கும் விரிசல் விடும். அப்படியே விட்டுவிடுங்கள், இரவு முழுக்க ஆறட்டும். ஆறின பிறகு சில இன்ஜின்கள் கையால் சுற்றும், ஸ்டார்ட்டும் ஆகும். அதை நம்பி மறுபடி வேலைக்கு விடுவதுதான் அடுத்த தவறு. ஒருமுறை லைனரில் உரசி அலுமினியத்தை இழைத்த பிஸ்டன் மறுபடி பிடிக்காமல் இருக்காது, இரண்டாவது முறை பிடிக்கும்போது ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். அதன் பிறகு பழுது பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

துருவில் பிடித்தது வேறு கதை. வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டி, பிஸ்டன் மோதிரங்களுக்கும் (ரிங்) லைனருக்கும் நடுவில் துரு ஏறியிருக்கும். இதற்குப் பொறுமைதான் மருந்து. நாசில் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஆயில்) கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட வேண்டும், குறைந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி, வால்வுகள் சரியாக மேலே ஏறி நிற்கின்றனவா என்று பாருங்கள். கீழே இறங்கியே துருப்பிடித்த வால்வு ஒன்று இருந்தாலும், டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் பிஸ்டன் அதில் முட்டும். அப்புறம் ஃப்ளைவீல் பல்லில் கம்பியைக் கொடுத்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கக் கூடாது. ஒரு நூல் அளவு அசைந்தால் போதும், மறுபடி ஊற விட்டு மறுநாள் வாருங்கள். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் இரும்புக் கம்பியை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, பிஸ்டன் ஓட்டையாவதும் மோதிரக் காடி உடைவதும் அப்படித்தான். தட்டியே ஆக வேண்டும் என்றால் சிலிண்டருக்குள் அடங்குகிற தடித்த மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள்.

இப்போது இழுத்துப் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். கியரில் போட்டு இழுக்கும்போது பின் சக்கரம், கியர் பெட்டி, கிளட்ச் எல்லாவற்றின் வழியாகவும் வருகிற பலம் ஒரு துருப்பிடித்த மோதிரத்தின் மேல் போய் இறங்குகிறது. மோதிரம் உடையும், ராட் வளையும், இரண்டும் நடக்காவிட்டால் கிளட்ச் பிளேட் போகும். இழுத்துத் தப்பிய வண்டிகள் உண்டு. ஆனால் ஊறப் போட்டிருந்தால் மோதிர செட் செலவோடு போயிருக்க வேண்டியது முழு இன்ஜின் வேலையானதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஊற வைத்துப் பிடி விட்டுப்போனதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஊற்றின டீசல் எல்லாம் மோதிர இடுக்கு வழியாகச் சம்புக்குள் இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கியிருக்கும். அதை முழுக்க இறக்கி, சம்ப்பையும் கழற்றி, ஸ்ட்ரெய்னரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். சிலிண்டரில் மிச்சமிருக்கிற ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு, அப்போது டீசலை நிறுத்துகிற ஸ்டாப்பரை இழுத்தாலும் நிற்காது. முதல் ஸ்டார்ட்டின்போது இன்ஜினுக்குள் காற்று போகிற வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். வெறும் கையால் அடைக்கக் கூடாது.

கிராங்க் வரை இறக்க வேண்டும் என்றால் டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டி வரும், இங்கே நடக்கிற தவறு உயிரோடு விளையாடுவது. லாரிக்கு இருக்கிற மாதிரி சேஸ் சட்டம் இந்த டிராக்டர்களுக்குக் கிடையாது, இன்ஜின் பிளாக்தான் முன் ஆக்ஸிலையும் கியர் பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றினவுடன் இரண்டு பாதியும் தனித்தனியாக விழப் பார்க்கும். முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுகிறது, அதனால் முன்பாதி பக்கவாட்டில் சாயும். ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் ஒரு போல்ட்டையாவது தொட வேண்டும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் பெட்டிக்குக் கீழே ஸ்டாண்ட், இன்ஜினுக்குச் செயின் பிளாக். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ, வேப்பமரக் கிளையில் சங்கிலி போட்டோ செய்யாதீர்கள். ஈர மண் தரையிலும் வேண்டாம், சிமெண்ட் தரை உள்ள பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகிற செலவைப் பார்க்காதீர்கள்.

பிரித்தாயிற்று என்றால், பழைய பிஸ்டனைக் கழுவவும் விடாதீர்கள், காயலான் கடைக்குப் போடவும் விடாதீர்கள். ஏன் பிடித்தது என்பது அதில்தான் எழுதியிருக்கும். பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் இழுத்த கோடுகள் இருந்தால் சூடு ஏறியிருக்கிறது, தண்ணீர் ஓட்டத்தைத் தேடுங்கள். அழுத்தம் விழுகிற பக்கத்தில் மட்டும் உரசியிருந்தால் ஆயில் போதவில்லை. மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமுமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. பிஸ்டன்களில் ஒன்று மட்டும் தலை கருகி அரித்திருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசில் தூவுவதற்குப் பதிலாகச் சொட்டுகிறது, அந்த டீசல் லைனர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடுகிறது. நாசிலை டெஸ்ட் பண்ணாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பேரிங் முதுகையும் திருப்பிப் பாருங்கள், ஸ்டாண்டர்டா, 10-ஆ, 20-ஆ என்று அச்சு இருக்கும், இதற்கு முன் கிராங்க் எத்தனை முறை கடைசல் கண்டிருக்கிறது என்று அதிலேயே தெரியும்.

கிராங்கை நகத்தால் தடவிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மைக்ரோமீட்டர் கேளுங்கள். பேரிங் உட்காருகிற ஜர்னல் வட்டம் குலைந்து கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருப்பது நகத்துக்குத் தெரியாது. லேத்தில் கிரைண்டிங் போட்டால் 10, 20, 30 தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இறங்கும், அதாவது 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர். பேரிங்கும் அதே அளவில் வாங்க வேண்டும், பேரிங்கை முதலில் வாங்கி வைத்துவிட்டுக் கிராங்கைக் கடைசலுக்கு அனுப்புவது தலைகீழ். கடைசல் முடிந்து வருகிற கிராங்கின் ஆயில் ஓட்டைகளுக்குள் உராய்ந்த தூள் நிறைந்திருக்கும், கம்பி பிரஷ் விட்டு டீசலால் கழுவிக் காற்றடிக்காமல் மாட்டினால் புது பேரிங் முதல் நாளே கீறும்.

மோதிர இடைவெளி பார்க்காமல் மாட்டுவதும் சகஜமாக நடக்கிறது. மோதிரத்தை லைனருக்குள் தனியாக வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சிலிண்டர் விட்டத்தில் ஒரு இன்ச்சுக்கு 3 முதல் 4 தௌ என்பது பட்டறைக் கணக்கு, கம்பெனி புத்தகம் கிடைத்தால் அந்த அளவுதான் இறுதி. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் மோதிரம் விரிந்து வாய் முட்டி மறுபடி ஜாம்.

ஒரு சிலிண்டர்தானே போயிருக்கிறது என்று ஒரே ஒரு லைனர் பிஸ்டன் மட்டும் மாற்றலாமா என்று பலர் கேட்பார்கள். மற்றவற்றை அளந்து, அவை சரியாக இருந்தால் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்த இன்ஜினில் மற்றவை சரியாக இருப்பது அபூர்வம். ஆயில் பம்ப்பை மட்டும் மறுயோசனை இல்லாமல் பிரித்துப் பாருங்கள்.

காரணத்தைச் சரி செய்யாமல் பூட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமானது. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் தண்ணீரும் தூசியும்தான். உப்பு போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே படிவு ஏறிக் குழாய் அடைத்துப் போயிருக்கும், வெளியே வைக்கோல் தூள் அடைத்திருக்கும். கூலன்ட் ஊற்றுங்கள், அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீராவது ஊற்றுங்கள். வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறிகிறார்கள். பைபாஸ் வழி உள்ள இன்ஜினில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், அதிக பாரத்தில் சூடு ஏறும். பழைய டிராக்டர்களின் ஆயில் பாத் ஏர் கிளீனரைத் திறந்து பார்த்தால் அடியில் சேறு கெட்டியாகியிருக்கும். அந்த மண் லைனரைத் தின்னும்.

வேறு இன்ஜின் வாங்குவது எப்போது சரி? பிளாக் உடைந்திருந்தால், கிராங்க் கடைசி அளவையும் தாண்டியிருந்தால், அப்போது சரி. மற்றபடி லைனர் போட்ட பிளாக்கை மறுபடி உயிர்ப்பிக்கலாம். சென்னை புதுப்பேட்டையோ உள்ளூர்க் கடையோ, ஓட விட்டுக் காட்டாத இன்ஜினை 'நல்ல ஓட்டம்' என்ற வார்த்தைக்காக வாங்காதீர்கள். ஒரே பெயர் உள்ள மாடலிலும் வருஷத்துக்கு வருஷம் ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், பம்ப் மாறியிருக்கும், அளந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பில்லும், அந்த இன்ஜின் வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் வாங்கினால் திருட்டு வண்டி இன்ஜினாக இருந்து போலீஸ் வீட்டுக்கு வரும். இன்ஜின் மாற்றினால் நம்பரும் மாறும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி முன் அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல்.

சம்பா நடவு நெருங்கும்போது ஜாம் ஆனால் இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்று தோன்றும். அந்த அவசரத்தில்தான் அளக்காமல் பூட்டுகிறார்கள். வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். பக்கத்து வயல்காரரிடமும் கேட்கலாம். உழவை அப்படி முடித்துவிட்டு இன்ஜினுக்கு வேண்டிய நாளைக் கொடுங்கள்.

பூட்டி முடித்ததும் ஸ்டாப்பரை இழுத்து வைத்துக்கொண்டு செல்ஃப் போட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் டீசலைத் திறக்க வேண்டும். முள் வேலை செய்யாத கேஜ் என்றால் அன்றே மாற்றுங்கள். புது இன்ஜின் என்று நாள் முழுக்க ஐட்லிங்கில் ஓட விடுகிறார்கள், அது தப்பு. பாரமே இல்லாமல் ஓடினால் மோதிரம் லைனரில் உட்காராமல் சுவர் கண்ணாடியாகி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ட்ரெய்லரில் லேசான பாரம், ஆழம் குறைந்த உழவு என்று முதல் 50 மணி நேரம் ஓட்டுங்கள், ரோட்டவேட்டர் வேண்டாம். அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கம்பெனி சொல்கிற அளவுக்கு ஹெட் நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கி, டாப்பெட் இடைவெளியை மறுபடி வையுங்கள். இறக்கின அந்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டுவது சகஜம், செதில் செதிலாக ஒட்டினால் வண்டியை ஓட்டாமல் அப்படியே நிறுத்திவிட்டு சம்ப்பைக் கழற்றுங்கள்.