வெளிநாட்டில் வந்த கார் நம் ஊருக்கு எப்போது வரும்?

தை அறுவடை முடிந்து நெல் பணம் கையில் நிற்கும்போதுதான் எங்கள் மன்னார்குடியில் கார் பேச்சு சூடு பிடிக்கும். துபாயில் இருக்கும் என் மைத்துனர் புதிய காம்பாக்ட் எஸ்யூவி ஒன்றின் படத்தை அனுப்பி, "அத்தான், இரண்டு மாதம் பொறுங்கள், அங்கேயும் வந்துவிடும்" என்றார். பொறுத்தேன். இரண்டு தை போனதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் செய்தியின் சொல்லைப் பாருங்கள். அறிமுகம், முன்பதிவு, விலை அறிவிப்பு, விநியோகம் ஆகிய நான்கும் வெவ்வேறு நாள்கள். படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் அவசரமே வேண்டாம்.

பெயரையும் நம்பாதீர்கள். சீனாவில் 2014-இல் ஐஎக்ஸ்25 என்று வந்த வண்டிதான் இங்கே 2015 ஜூலையில் ஹூண்டாய் கிரெட்டா ஆனது. ஐரோப்பாவில் டாசியா டஸ்டர் 2010-இல் வந்தது. நமக்கு ரெனோ பெயரில் 2012-இல் கிடைத்தது. அங்கே 2017-இல் காட்டிய இரண்டாம் தலைமுறை இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை! அமெரிக்கச் செய்தியில் '2025 மாடல்' என்றால் அது 2024-லேயே விற்பனைக்கு வந்திருக்கலாம்.

நீளத்தையும் கேளுங்கள். நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்; மீறினால் 40.

வண்டி வந்தபின், பணம் கட்டும் முன் தயாரிப்பு மாதம் பொறித்த தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஜனவரியில் எனக்குக் காட்டிய 'புது' வண்டி முந்தைய ஆகஸ்டில் செய்தது.