ஏரில ரோகு, கட்லாவுக்கு தூண்டில் போடுறது எப்படி

முதல்ல எந்த மீன் எந்த ஆழத்துல மேயும்னு தெரிஞ்சுக்கங்க, கட்லா மேல்மட்டம், ரோகு நடுவுல, மிர்கால் அடியில, அதுக்கேத்த மாதிரி தக்கைய (தண்ணி மேல மிதக்குற மிதவை) ஏத்தி இறக்கணும். இரைக்கு கடலைப் புண்ணாக்க ஊற வச்சு தவிடு போட்டு பிசைங்க, மைதா பசைக்கு மட்டும் கொஞ்சம், அதிகமாச்சுன்னா உருண்டை கல்லு மாதிரி கிடக்கும், வாசனையே பரவாது. ஒரு உருண்டைய தண்ணில போட்டுப் பாருங்க, சில நிமிஷத்துல ஓரம் மெதுவா உதிரணும், அதுதான் பதம். சின்ன தூண்டில் முள்ளே போதும், இந்த மீனுக்கு வாயில பல்லு கிடையாது, உறிஞ்சித்தான் எடுக்கும், அதனால தக்கை லேசா ஆடுனதுமே இழுக்காதீங்க, நல்லா அமுங்கட்டும். ரீல்ல டிராக் (மீன் இழுக்கும்போது நூல எவ்வளவு இறுக்கமா பிடிக்கணும்னு வைக்கிற பிடிப்பு) கொஞ்சம் லூசா இருக்கணும், இல்லன்னா பெரிய கட்லா முதல் ஓட்டத்துலயே நரம்ப (தூண்டில் நூல) அறுத்துரும். அறுந்த நரம்ப கரையில போட்டுட்டு வராதீங்க ப்ளீஸ், கொக்கு கால்ல சுத்திக்கும்.