டாஷ்போர்டு விடை சொல்லத் தொடங்கியது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் டாஷ்போர்டை, அதாவது முக்கியத் தரவுகளை ஒரே திரையில் காட்டும் பக்கத்தை, திருத்தும் பணி என்னிடம் வந்தபோது, வட்ட விளக்கப்படங்கள் திரையை நிறைத்திருந்தன. ஆனால், எந்த ஆர்டர் கப்பலேற்றத் தேதியைத் தவறவிடக்கூடும் என்று உற்பத்தி மேலாளர் காலைதோறும் கேட்ட கேள்விக்கு அதில் விடை இல்லை.

படங்களைத் தொடுவதற்கு முன், தாமதத்தை எந்த நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று விசாரித்தேன். தையல் பிரிவு பேக்கிங் முடிந்த நாளையும், ஏற்றுமதிப் பிரிவு சரக்கு ஆலையை விட்டு வெளியேறிய நாளையும் எடுத்துக்கொண்டதால், ஒரே ஆர்டர் ஓர் அறிக்கையில் உரிய நேரத்தில் முடிந்ததாகவும் மற்றோர் அறிக்கையில் தாமதமானதாகவும் தெரிந்தது. இரு பிரிவினரையும் ஒன்றாக அமரவைத்து, வெளியேறும் நாளே கணக்கு என எழுத்தில் உறுதிசெய்தோம். முழுப் பணியிலும் மிகுந்த பயன் தந்தது இதுவே என்று உறுதியாக நம்புகிறேன்.

அதன்பின் வட்டங்களை நீக்கி, பூஜ்ஜியத்தில் தொடங்கும் கிடைமட்டப் பட்டைகளை வைத்தேன். கோணங்களைவிடப் பட்டைகளின் முனைகளைப் போல ஒரே அளவுகோலில் அமைந்த நிலைகளையே மனிதர் துல்லியமாக ஒப்பிடுகின்றனர் என்பதை புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர். சிவப்பு, பச்சை வேறுபாடு சிலருக்குப் புலப்படாது என்பதால் நீலமும் ஆரஞ்சும் பயன்படுத்தினேன். சராசரித் தாமதம் என்ற எண், மிகவும் பின்தங்கிய ஆர்டர்களை மறைத்துவிடுவதால், அதற்குப் பதிலாக அவற்றின் பட்டியலையே முதலிடத்தில் வைத்து, தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தையும் அதன் தலைப்பில் சேர்த்தேன்.