எஞ்சின் ஆயிலில் உராய்வு குறைப்புக் கலவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உதிரிபாகக் கடைக்கு ஆயில் வாங்கச் சென்றால், இந்தச் சிறு பாட்டிலையும் சேர்த்து ஊற்றினால் தேய்மானம் குறையும், மைலேஜ் கூடும் என்ற பரிந்துரை பெரும்பாலும் உடன் வரும். ஆயிலில் ஏதோ குறை இருக்கிறது, அதை நாம்தான் நிரப்ப வேண்டும் என்று நம்புவதே முதல் தவறு. அழுக்கைக் கரைப்பது, கரியை மிதக்க வைப்பது, நுரையை அடக்குவது, தேய்மானத்தைத் தடுப்பது என ஒவ்வொரு வேலைக்குமான வேதிப்பொருள்கள் ஆயிலில் அளவறிந்து ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல, உலோகப் பரப்பில் இடம்பிடிக்க ஒன்றோடொன்று போட்டியிடுபவை என்பதால், வெளியிலிருந்து இன்னொன்றை ஊற்றும்போது அந்தச் சமநிலை குலையக்கூடும்.

பைக் வைத்திருப்போர் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அந்த ஆயிலில் நனைந்தபடியே இயங்கும் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது உராய்வால்தான்; அதைக் குறைக்கவென்றே விற்கப்படும் பொருளை அங்கே ஊற்றினால் பிடிமானமும் சேர்ந்தே குறையலாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் ரப்பர் ஷீட் கட்டுகளை வைத்துக்கொண்டு ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் அலறுவதும், வேகம் மட்டும் ஏறாமல் நிற்பதும், சற்று நேரத்தில் கருகிய வாடை எழுவதும் கிளட்ச் வழுக்குவதன் அடையாளங்கள். ஜப்பானிய ஜாசோ தரத்தில் எம்ஏ, எம்ஏ2 என்று குறிக்கப்படும் ஆயில்கள் இந்தப் பிடிமானத்துக்காகவே சோதிக்கப்பட்டவை. உராய்வு குறைந்த எம்பி வகை, உலர் கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கானது. ஆகவே, தன் ஸ்கூட்டரில் ஊற்றி ஒரு தொல்லையும் வரவில்லை என்று அண்டைவீட்டார் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது பைக்குக்குப் பொருந்தாது.

சுழலும் வளையத்தின்மேல் ஒரு பேரிங்கை நெம்புகோலால் அழுத்திக் காட்டும் செயல்விளக்கத்தை நம்பி வாங்குவதும் தவறே. சாதாரண ஆயிலில் வளையம் நின்றுவிடும், கலவையை ஊற்றியதும் தொடர்ந்து சுழலும், பார்ப்பவருக்கு வியப்புதான். ஆனால் அந்தக் கருவி காட்டுவது ஒரு புள்ளியில் விழும் மிகையழுத்தத்தை. ஓடும் எஞ்சினின் பேரிங்குகளிலோ உலோகமும் உலோகமும் பெரும்பாலும் தொடுவதேயில்லை, இடையில் ஆயில் படலம் நிற்கிறது. அந்தச் சோதனையில் எளிதில் வெல்லும் குளோரின் கலந்த பொருள்கள், வெப்பத்திலும் ஈரத்திலும் அமிலமாக மாறி உலோகத்தை அரிக்கக்கூடியவை. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக இத்தகைய சில தயாரிப்புகளின்மீது 1990களிலேயே நடவடிக்கை எடுத்தது.

நீலப் புகை வருகிறது, சத்தம் கேட்கிறது என்று கெட்டியான கலவையை ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ கெட்டுப்போன வால்வ் சீலையோ எந்தப் பாட்டிலும் புதிதாக்காது. சில நாள் அடங்கியிருந்த புகை திரும்புவதற்குள் பழுது முற்றியிருக்கும் (பழைய வண்டியை விற்பவருக்கு அந்தச் சில நாள் போதும் என்பது வேறு கதை). கலவை ஊற்றியிருக்கிறோமே என்று ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான், கரியும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். புகை வடிகட்டி பொருத்திய பிஎஸ்6 டீசல் கார்களில், சாம்பல் மிகும் கலவைகள் அந்த வடிகட்டியையே அடைக்கக்கூடும்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டு, பைக்கில் கிளட்ச் வழுக்குகிறது என்றால், முதலில் கிளட்ச் கேபிளில் போதிய தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் குறித்த தரத்து ஆயிலை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை மாற்றலாம். அதன் பின்னும் வழுக்கினால் பிளேட்டுகளை மாற்றுவதைத் தவிர வழியில்லை.